குழுவாக வாக்களித்தால் செல்வாக்கு வருமா? ரொறன்ரோத் தமிழர் அனுபவத்திலிருந்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. கனடாவில் குடியேறிய நம்மைப் போன்ற ஒரு சிறிய சமூகம், தேர்தலில் ஒட்டுமொத்தமாக ஒரே கட்சிக்கு வாக்களித்து அரசியல் செல்வாக்கைப் பெற முடியுமா என்பது முதற்பகுதி. முடியுமென்றால், சங்கங்களும் கோயில்களும் கூடி, "எங்கள் வாக்கு இன்னாருக்கே" என்று தேர்தலுக்கு முன்பே அறிவிப்பது நல்லதா என்பது இரண்டாம் பகுதி. முதலாவதற்கு என் பதில்: முடியும், ஆனால் கேட்டவர் எதிர்பார்க்கும் வழியில் அன்று. இரண்டாவதற்கு என் பதில்: வேண்டாம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் சில தேர்தல்களில் வீடு வீடாகக் கதவு தட்டியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த ரொறன்ரோத் தமிழர் கதையையே பெரிதும் துணைக்கொண்டு இதை விளக்குகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு இப்போது 343 தொகுதிகள் உள்ளன. ஒரு தொகுதியில் சராசரியாக ஏறத்தாழ 1,08,000 பேர் வாழ்கின்றனர். அதிக வாக்குப் பெற்றவர் வெல்வார், பாதிக்கு மேல் பெறவேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று கட்சிகள் வலுவாக மோதும் தொகுதியில் நூற்றுக்கு நாற்பது வாக்கே வெற்றிக்குப் போதுமானதாகிவிடும். இந்த முறையின் கீழ், நாட்டின் மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாத ஒரு சமூகம் எங்கும் பரவி வாழ்ந்தால் அதன் வாக்கு யாருடைய கண்ணிலும் படாது. அதே சமூகம் நாலைந்து தொகுதிகளில் நெருங்கி வாழ்ந்தால் அங்கே வேட்பாளர்கள் தைப்பொங்கல் விழாவுக்கு அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். இலங்கையில் நடந்த 1983 வன்முறைக்குப் பின் வந்த தமிழர்கள் ரொறன்ரோ நகரின் நடுவே சென். ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் குவிந்ததும், பின்னர் ஸ்காபரோவுக்கு நகர்ந்ததும் வாடகையையும் உறவையும் கருதிச் செய்தவையே; தேர்தலை நினைத்து ஒருவரும் வீடு பார்க்கவில்லை. ஆனால் அரசியல் பலன் அந்த நெருக்கத்திலிருந்துதான் வந்தது. இப்போது சொந்த வீடு வாங்கி மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டன் என்று சுற்றியுள்ள நகரங்களுக்குப் பரவிக்கொண்டிருக்கிறோம். வாழ்க்கை வளர வளர வாக்கின் செறிவு குறைகிறது என்பது இதன் மறுபக்கம்.

தலைக்கணக்கும் வாக்குக் கணக்கும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவருக்குப் பொதுத்தேர்தலில் வாக்கு இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் இங்கே வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், கட்டணத்தையும் பரீட்சையையும் எண்ணித் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். 18 முதல் 54 வயது வரையுள்ளவர்களுக்கே பரீட்சையும் மொழித் தகுதிச் சான்றும் தேவை. 55 வயதைத் தாண்டிய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவை தேவையில்லை என்பதைப் பல வீடுகளில் நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். மேடைப் பேச்சுகள் பத்தை விட, ஓர் அடுக்குமாடியில் சனிக்கிழமை காலை குடியுரிமை விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவும் இரண்டு இளைஞர்கள் அதிக வாக்குகளை உருவாக்குவார்கள்.

நாம் ஒன்றாக வாக்களித்தோம் என்பது அரசியல்வாதிக்கு எப்படித் தெரியும்? வாக்கு இரகசியமானது, யார் யாருக்குப் போட்டார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் தேர்தல் திணைக்களம் முடிவுகளை வாக்குச்சாவடி வாரியாக வெளியிடுகிறது. ஒரு சாவடி என்பது சில நூறு வாக்காளர்களைக் கொண்டது, சில பெரிய அடுக்குமாடிகளுக்குத் தனிச் சாவடியே உண்டு. ஆகவே தேர்தல் முடிந்து சில மாதங்களில் எந்தக் கட்டடம் எந்தப் பக்கம் சாய்ந்தது, அங்கே எத்தனை பேர் வாக்களிக்க வந்தார்கள் என்பது எல்லாக் கட்சிகளின் கையிலும் இருக்கும். "என் பின்னால் இருபதாயிரம் வாக்கு இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வரும் தலைவரின் பேச்சை அவர்கள் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வாக்களிப்பு வீதம் குறைவாக இருந்தால் அந்தத் தலைவருக்கு அடுத்த முறை தேநீர் மட்டும்தான் கிடைக்கும்.

இனி, மிக முக்கியமானது என்று நான் நினைப்பதற்கு வருகிறேன். ஒரு சிறு சமூகம் ஒன்றுதிரள்வதற்கு மிகப் பொருத்தமான களம் பொதுத்தேர்தலுக்கு முன்னால், கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தெரிவு. பொதுத்தேர்தலில் நாற்பதாயிரம் பேர் வாக்களிக்கும் தொகுதியில், கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்ய வருவோர் சில நூறு பேராகவோ ஓரிரு ஆயிரம் பேராகவோதான் இருப்பார்கள். கட்சி உறுப்பினராவதற்கு குடியுரிமை தேவையில்லை. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும், பதினான்கு வயதான பிள்ளைகளும் சேரலாம். ஆகவே நாட்டுத் தேர்தலில் வாக்கே இல்லாத ஒரு குடும்பம், கட்சித் தெரிவில் ஐந்து வாக்குகளைக் கொண்டதாக இருக்கலாம். ஒரு கட்சி எளிதாக வெல்லும் தொகுதியில், அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்று தீர்மானிப்பவரே நாடாளுமன்ற உறுப்பினரையும் தீர்மானித்துவிடுகிறார்.

இதன் வலிமையை 2015 இல் கண்டோம். அந்த ஆண்டு, ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தின் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமைப் போட்டியில், கட்சிப் பெரியவர்களின் ஆதரவு அதிகம் இல்லாத பற்றிக் பிரவுன், தம் அணி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய உறுப்பினர்களைச் சேர்த்ததாக அறிவித்து வென்றார். அவர்களுள் தமிழர் உள்ளிட்ட குடியேறிய சமூகத்தவர் கணிசமாக இருந்தனர். பின்னர் அவர் அந்தத் தலைமையை இழந்தார் என்பது வேறு கதை. 2018 இல் பிரம்ப்டன் நகர முதல்வரானார். 2025 மே மாதம் அந்நகரின் சிங்கூசி பூங்காவில் தமிழின அழிப்பு நினைவகம் திறக்கப்பட்டபோதும் அவரே முதல்வர். ஓர் உறுப்பினர் படிவத்தின் ஆயுள் ஒரு தேர்தலோடு முடிவதில்லை.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. யார் எவருடைய உறுப்பினர் கட்டணத்தைக் கட்டினார், பேருந்தில் ஏற்றிவரப்பட்டவர்களுக்குத் தாம் எதற்கு வந்தோம் என்று தெரியுமா என்ற கேள்விகள் எல்லாச் சமூகத்திலும் எழுந்துள்ளன. வெளிநாட்டுத் தலையீடு பற்றி விசாரித்த நீதிபதி ஹோக் ஆணையம் 2024 இல் இந்தக் கட்சித் தெரிவுகளையே பலவீனமான வாயிலாகச் சுட்டிக்காட்டியது. விரும்பிச் சேர்ந்த இருநூறு பேரே போதும்; சேர்க்கப்பட்ட இரண்டாயிரம் பேர் ஒருநாள் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் நம் மானத்தை வாங்குவார்கள்.

இப்போது ஒரே கட்சி என்ற எண்ணத்துக்கு வருவோம். இதை நாம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த தமிழர்களுக்கு லிபரல் கட்சியே தாய்வீடு போல இருந்தது. 2000 மே மாதத்தில் அன்றைய நிதி அமைச்சர் போல் மார்ட்டின் ரொறன்ரோவில் தமிழ் அமைப்பொன்றின் இரவு விருந்துக்கு வந்ததை, எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தில் கடுமையாகத் தாக்கியது. நம்மவர்களுக்கு அது பெருமையாகத் தெரிந்தது. எதிர்த்தரப்புக்கோ தமிழர் என்றாலே லிபரல்களின் சொத்து என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்தியது. 2006 ஜனவரியில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரலில் விடுதலைப் புலிகள் அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவு சரியா தவறா என்பதில் இங்கே நான் இறங்கவில்லை. முடிவெடுத்தவர்கள் தமிழ் வாக்கைப் பற்றி அஞ்சவேண்டிய தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் இழப்பதற்கு அவர்களிடம் தமிழ் வாக்கு எதுவும் இருக்கவில்லை. வாக்கை முழுவதும் பெற்றிருந்த கட்சியோ எதிர்க்கட்சி வரிசையில் இருந்தது.

2009 இல் வன்னியில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கையறு நிலை வெளிப்பட்டது. நம்மவர்கள் தலைநகர் ஒட்டாவாவில் வாரக்கணக்காக நின்றார்கள். மே 10 அன்று மாலை ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் குழந்தைகளோடும் முதியவர்களோடும் அமர்ந்தார்கள். வாக்கு பேசவேண்டிய இடத்தில் பேசாததால் உடல்கள் சாலைக்கு வந்தன என்றே அந்த மாலையை நான் புரிந்துகொள்கிறேன். நகரத்தின் பெரும்பகுதி எரிச்சலோடு பார்த்தது. ஆனால் அந்தச் சாலையில் அமர்ந்திருந்த பல்கலைக்கழக மாணவர்கள் பலர் அடுத்த சில ஆண்டுகளில் மூன்று கட்சிகளின் தொகுதி அலுவலகங்களிலும் தொண்டர்களாகத் தென்பட்டார்கள். சமூகத்தின் அரசியல் அங்கேதான் திரும்பியது.

2011 மே மாதத்தில், 1988 இலிருந்து லிபரல்கள் விட்டுக்கொடுக்காதிருந்த ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். இதைக் குழு வாக்கின் வெற்றியாகவே பலர் சொல்வார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஜாக் லேட்டனின் தலைமையில் அக்கட்சி அன்று நாடெங்கும் 103 இடங்களைப் பிடித்தது. பக்கத்திலுள்ள ஸ்காபரோ தென்மேற்கையும் அது வென்றது. தமிழ் வாக்கு ஓர் அலையின் மேல் ஏறி நின்றது. அலை வடிந்த 2015 இல், எல்லைகள் மாற்றப்பட்ட ஸ்காபரோ வடக்கில் அவர் தோற்றார். அதே நாளில் பக்கத்துத் தொகுதியான ஸ்காபரோ–ரூஜ் பார்க்கில் லிபரல் வேட்பாளர் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். தமிழர் என்ற அடையாளம் மட்டும் வாக்கைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேண்டுமென்றால் 2016 செப்டெம்பர் இடைத்தேர்தலைப் பாருங்கள். மாகாண நாடாளுமன்றத்துக்கான அதே ரூஜ் ரிவர் தொகுதியில் லிபரல் கட்சி பிரகல் திருவையும், புதிய ஜனநாயகக் கட்சி நீதன் சாணையும் நிறுத்தின. இருவரும் தமிழர். வென்றவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரேமன்ட் சோ. கொரியப் பின்னணி கொண்டவர், நீண்டகாலமாக அந்தப் பகுதியின் நகரசபை உறுப்பினர். இரு தமிழ் வேட்பாளரும் பெற்ற வாக்கைக் கூட்டினால் அவருடையதை மிஞ்சும். ஒற்றுமை இல்லாததால் தோற்றோம் என்று அன்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு பெரிய கட்சிகள் தாமாகவே தமிழரைத் தேடி நிறுத்தின என்பதும், சோவின் கூட்டங்களிலும் தமிழர்கள் இருந்தார்கள் என்பதும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. அது மட்டுமல்ல, சோ மாகாணத்துக்குச் சென்றதால் காலியான நகரசபை வட்டாரத்தில், 2017 பிப்ரவரி இடைத்தேர்தலில் நீதன் சாண் வென்று ரொறன்ரோ நகரசபையின் முதல் தமிழ் உறுப்பினரானார். நகரசபைத் தேர்தலில் கட்சி இல்லை, வாக்களிக்க வருவோரும் குறைவு. அங்கே ஒரு சமூகத்தின் உழைப்பு நேராகப் பலிக்கும். 2018 இல், 47 ஆக உயரவிருந்த நகரசபை வட்டாரங்களை மாகாண அரசு 25 ஆகக் குறைத்தது. வட்டாரம் பெரிதானதும் செறிவு கரைந்தது. அவர் 200 க்கும் குறைவான வாக்குகளால் இடத்தை இழந்தார். எல்லைக்கோட்டை வரைபவரும் தேர்தலில் ஒரு வேட்பாளர்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

2018 இல் இன்னொன்றும் நடந்தது. இந்தப் பதிலின் மையமே அதுதான். மாகாணத் தேர்தலில் ஸ்காபரோ–ரூஜ் பார்க் மக்கள் கன்சர்வேட்டிவ் கட்சியின் விஜய் தணிகாசலத்தைத் தெரிவுசெய்தார்கள். ஆக, கூட்டாட்சித் தொகுதியின் எல்லைகள் 2025 தேர்தலில் மாறும் வரை, ஒரே தெருக்கள், ஒரே வாக்காளர்கள், ஒட்டாவாவுக்கு ஒரு லிபரல் தமிழரையும் மாகாணத்துக்கு ஒரு கன்சர்வேட்டிவ் தமிழரையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மார்க்கம்–தோர்ன்ஹில்லிலும் அதே கதை. மாகாணத்துக்கு கன்சர்வேட்டிவ் லோகன் கணபதி, ஒட்டாவாவுக்கு லிபரல். கேட்டவரின் அளவுகோலில் இது சிதறிய வாக்கு. ஆனால் கிடைத்த பலன்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒன்ராறியோவில் தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரச் சட்டம் 2021 மே மாதம் நிறைவேறியது. கொண்டுவந்தவர் தணிகாசலம், எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன, நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கையும் தாண்டி அது நின்றது. 2022 மே 18 அன்று கூட்டாட்சி நாடாளுமன்றம் அந்த நாளைத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. 2023 ஜனவரியில் கனடா, மகிந்த ராஜபக்சவையும் கோட்டாபய ராஜபக்சவையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2006 இல் பட்டியலிட்ட அதே கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹார்ப்பர்கூட, 2013 இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்குப் போக மறுத்தார். அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குள் தமிழ் வாக்கில் ஒரு பங்கு தமக்கும் கிடைக்கலாம் என்று அவரது கட்சி கணக்கிடத் தொடங்கியிருந்தது.

வாக்கு இரண்டு மூன்று இடங்களில் இருந்தது, கோரிக்கை ஒன்றாக இருந்தது. 2006 க்கு முன் வாக்கு ஒன்றாக இருந்தது, கோரிக்கையோ அமைப்புக்கு அமைப்பு மாறியது. இந்த இரு காலத்துக்கும் உள்ள வேறுபாடுதான் நான் சொல்ல விரும்புவது.

பிற சமூகங்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்கு முன், நான்கு முஸ்லிம் அமைப்புகளின் கூட்டுக்குழு ஜார்ஜ் புஷ்ஷை ஆதரிப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே காட்டப்படாத இரகசியச் சான்றைக் கொண்டு குடியேறியவர்களைத் தடுத்துவைப்பதை, அக்டோபர் விவாதத்தில் புஷ் குறை கூறியிருந்தார். கோரிக்கை குறுகியது, தெளிவானது; அதுவரை எல்லாம் சரி. ஆனால் ஆப்பிரிக்க அமெரிக்க முஸ்லிம்களில் பெரும்பாலோரை அந்த முடிவு பிரதிநிதித்துவப்படுத்தவில்லை. அவர்களின் மனக்கசப்பு நீண்டநாள் தொடர்ந்தது. கட்சிக்குள் அந்தக் குழுவுக்கு வேரும் இல்லை. 2001 செப்டெம்பர் 11 க்குப் பின் தேசபக்தச் சட்டம் வந்தபோது, ஆதரவு அறிவிப்பை நினைவூட்டக்கூட அவர்களுக்கு ஒரு வாசல் திறக்கவில்லை. 2004 இல் எதிர்ப்பக்கம் போனார்கள். புளோரிடாவின் கியூபர்களோ நேர்மாறு. குடியரசுக் கட்சிக்கே பெரும்பாலும் வாக்களித்தாலும், அவர்களின் அமைப்பு இரு கட்சியினருக்கும் தேர்தல் நன்கொடை கொடுத்தது. 1992 இல் கியூபா மீதான தடையை இறுக்கும் மசோதாவை முதலில் ஆதரித்தவர் சனநாயகக் கட்சி வேட்பாளர் கிளின்டன். தயங்கிக்கொண்டிருந்த அன்றைய அதிபர் மூத்த புஷ், வேறு வழியின்றி அதில் கையெழுத்திட்டார். கிளின்டன் அந்த ஆண்டு புளோரிடாவை வெல்லவுமில்லை. கியூபர் வாக்கு கைவிட்டுப் போகக்கூடும் என்ற அச்சமே காரியத்தை முடித்துவிட்டது. அந்தக் கொள்கை நல்லதா என்பது வேறு கேள்வி. அந்த உத்தி எப்படி வேலை செய்தது என்பதற்காகவே சொல்கிறேன்.

"ஒட்டுமொத்தச் சமூகம்" என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்றும் யோசிக்க வேண்டும். குழு வாக்கைப் பேசுவோர் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள். அதை நடத்திக்காட்டுவோர் தொலைபேசியில் அழைக்கும் பெண்களும் இளைஞர்களும். இங்கே பிறந்த பிள்ளைக்கு மே 18 முக்கியம்தான், ஆனால் வாடகையும், ஸ்காபரோவின் பேருந்து வசதியும் அதே அளவுக்கு முக்கியம். அவர்களின் கோரிக்கைக்கு இடம் தராத ஒற்றுமை வீட்டுக்குள்ளேயே உடையும். அண்மைய வெற்றிகள் சில செறிவையே சாராதவை: யுவனிதா நாதன் 2025 இல் வென்ற பிக்கரிங்–புரூக்ளின் ஸ்காபரோவைப் போன்ற தமிழ்த் தொகுதி அல்ல, கல்விச்சபையிலும் மார்க்கம் நகரசபையிலும் பல ஆண்டுகள் உழைத்த பின்னரே அவர் அங்கே நின்றார்.

இனி இரண்டாம் பகுதி. கோயில் மேடையிலிருந்து வேட்பாளர் ஒருவரை அறிவிப்பது, அறிவுடைமையா என்று கேட்பதற்கு முன்பே சட்டப்படி சிக்கலானது. நம் கோயில்களும் சமூக நிலையங்களும் பல பதிவுபெற்ற அறக்கொடை அமைப்புகள். வரிச் சட்டத்தின்படி அவை எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் நேராகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. மீறினால் பதிவே போகலாம். கொள்கை பற்றிப் பேசத் தடையில்லை. அறக்கொடைப் பதிவில்லாத சங்கமானாலும், தேர்தல் காலத்தில் பிரசாரத்துக்கு 500 டொலருக்கு மேல் செலவிட்டால் மூன்றாம் தரப்பாகப் பதிவுசெய்ய வேண்டும். பணத்தால் செய்யக்கூடியதும் குறைவு: கூட்டாட்சித் தேர்தலில் நிறுவனங்கள் நன்கொடை கொடுக்க முடியாது, தனிநபர் 2025 இல் ஒரு கட்சிக்கு 1,750 டொலர் வரையே கொடுக்க முடிந்தது. ஆகவே இங்கே ஒரு செல்வந்தரை விட, மூன்று மாலைகள் கதவு தட்ட வரும் இருபது தொண்டர்களுக்கு மதிப்பு அதிகம்.

செய்யக்கூடியது இது. உங்கள் தொகுதியின் அமைப்புகள் கூடி மூன்று கோரிக்கைகளுக்கு மேற்படாமல் எழுதுங்கள். எல்லாக் கட்சி வேட்பாளருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். பதில்களை ஒரு சொல்லும் மாற்றாமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். எவரையும் பரிந்துரைக்காதீர்கள். தேர்தலுக்குப் பின் வாக்குச்சாவடி முடிவுகள் வந்ததும், நம் கட்டடங்களில் வாக்களிப்பு வீதம் எவ்வளவு உயர்ந்தது என்ற தாளோடு வென்றவரிடம் ஒரு முறையும், தோற்றவர்களிடம் ஒரு முறையும் போய் உட்காருங்கள். தோற்றவரிடம் போவதை நம்மவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அவருடைய அலுவலகத்தில் அன்று வேறு யாரும் இருக்க மாட்டார்கள். பேசுவதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.